மெல்ல மட்கும் கூரை

ஒரு சென்ட் வீட்டுத்தோட்டம் என்பது சுமார் 40 சதுர மீட்டர். சித்திரை, வைகாசி வெயிலில் திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தைச் சுற்றியுள்ள செம்மண் சமவெளியில், திறந்து வைத்த அகலப் பாத்திரத்து நீர் ஒரு நாளில் 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வற்றும். நன்றாக நனைந்த வெறும் மண்ணும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் வற்றுகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். ஆகவே அந்த ஒரு சென்ட்டிலிருந்து நாளொன்றுக்கு 200 லிட்டர் ஆவியாகப் போகலாம். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் பதின்மூன்று குடம். செடி வளர்ந்து தரையில் நிழல் விழத் தொடங்கியதும் இந்தக் கணக்கு பாதிக்கும் கீழே இறங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் நாற்று நட்ட முதல் மாதத்தில், கத்தரியும் தக்காளியும் ஒரு சாணுக்கு மேல் எழாத நாட்களில், ஊற்றும் நீரில் பெரும்பங்கு வேரைத் தொடுவதே இல்லை. போர்வெல் இறங்கிக்கொண்டே போகும் ஒரு பகுதியில், வீட்டுக்குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை வைத்து அன்றைய வேலைகளைத் திட்டமிடும் குடும்பங்களுக்கு, பதின்மூன்று குடம் சின்னத் தொகையல்ல. அதில் பாதியையாவது மண்ணிலேயே நிறுத்தி வைக்க, வெட்டிப் போட்ட மரக்கிளைகளின் சில்லுகளே போதும். அப்படிச் சொன்னதும் எழும் மறுப்புகள் பல. அவற்றில் சிலவற்றுக்கு உண்மையான பலமும் உண்டு.

வெறும் மண் வற்றுவதில் இரண்டு கட்டம் இருக்கிறது. முதல் கட்டத்தில் மேல்மண் ஈரமாக இருக்கும். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண்துகள்களின் இடுக்கு வழியே அடியிலிருந்து நீர் ஏறிக்கொண்டே இருக்கும். அப்போது வற்றும் வேகத்தை வெயிலும் காற்றும்தான் முடிவுசெய்கின்றன. ஓரிரு நாளில் மேலே ஒரு விரற்கடை மண் காய்ந்ததும் திரி அறுந்துவிடும். இனி நீர் ஆவியாகவே அந்தக் காய்ந்த அடுக்கைக் கடந்து வெளியேற வேண்டும். வேகம் சட்டென்று விழுந்துவிடும். இது இரண்டாம் கட்டம். காய்ந்த மேல்மண் தனக்குக் கீழுள்ள ஈரத்துக்குத் தானே மூடியாகிவிடுகிறது. மானாவாரி உழவர்களுக்கு இது பழைய சங்கதி. கோடை உழவு போட்டுப் புழுதியைக் காயவிடுவதன் பயன்களில் இதுவும் ஒன்று; திருக்குறளின் உழவு அதிகாரமும் புழுதி காய்வதன் பலனைப் பேசுகிறது. அப்படியானால் புழுதியே போதுமே, மரச்சில்லு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் புழுதி மூடி, ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே நீண்ட இடைவெளி உள்ள காட்டில்தான் நிற்கும். வீட்டுத்தோட்டத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் ஊற்றுகிறோம். ஒவ்வொரு முறையும் காய்ந்த மூடி கரைந்து, மண் மறுபடி முதல் கட்டத்துக்கே திரும்புகிறது. அக்கறையோடு அடிக்கடி நீர் ஊற்றுகிறவரின் தோட்டம்தான் எந்நேரமும் அதிக வேகத்தில் வற்றிக்கொண்டிருக்கிறது என்பது சற்றுக் கசப்பான முடிவு. நனைந்தாலும் கரையாத, தானே திரியாக மாறிவிடாத ஒரு மூடி அங்கேதான் தேவை. பெரிய இடைவெளிகள் கொண்ட மரச்சில்லு அடுக்கு அதைச் செய்கிறது: மேலிருந்து வரும் நீரைக் கீழே விடுகிறது, கீழிருக்கும் நீரை மேலே ஏற்றுவதற்கு அதில் நுண்ணிய இடுக்குகள் இல்லை.

செம்மண்ணுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. இங்குள்ள செம்மண்ணில் மட்கு மிகக் குறைவு. மண்கட்டியைப் பிடித்து வைத்திருக்கும் பசை போதாது. கனமழையின் பெரிய துளி வினாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் வந்து மோதும்போது கட்டி உடைகிறது, நுண்துகள்கள் இடுக்குகளை அடைக்கின்றன, வெயில் பட்டதும் மேலே பொருக்குத் தட்டிவிடுகிறது. அடுத்த மழை உள்ளே இறங்காமல் வாய்க்காலுக்கு ஓடுகிறது. காந்திகிராமத்திலிருந்து பார்த்தால் தெரியும் சிறுமலையின் காட்டுக்குள் இது நடப்பதில்லை. அங்கே துளி முதலில் இலையிலும் பிறகு சருகிலும் விழுந்து, வேகம் இழந்துதான் மண்ணைச் சேர்கிறது. மலைக்கும் சமவெளிக்கும் மழையளவில் வித்தியாசம் இருக்கிறது என்பது சரி. ஆனால் அதே மழை இரண்டு இடத்திலும் பெய்தாலும் காட்டு மண் அதிகம் குடிக்கும். வெப்பத்திலும் இதே கதைதான். கோடை நண்பகலில் காய்ந்த வெறும் மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தக்காளியின் வேர் 35 டிகிரிக்கு மேல் திணறத் தொடங்கிவிடும். அதனால் மேல்மண்ணில்தான் சத்து அதிகம் என்றிருந்தும் செடி அந்த மேல்மண்ணைப் பயன்படுத்த முடிவதில்லை. மூடிய மண்ணில் ஈரம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருப்பதால், தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதும் குறைகிறது. அந்த நோய்க்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு காரணம் என்பார்கள். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்பு இருக்கும். நீர் விட்டுவிட்டுக் கிடைப்பதால் அது காய்வரை போய்ச் சேராததுதான் கோளாறு.

மண்ணின் மேல் பரப்பும் இத்தகைய மூடிக்கு வழங்கும் மூடாக்கு என்ற சொல்லைத் தமிழ்நாட்டு வீடுகள்வரை கொண்டுசேர்த்ததில் இயற்கை வேளாண் அறிஞர் கோ.நம்மாழ்வாருக்குப் பெரும்பங்கு உண்டு. காந்திகிராம கிராமிய பல்கலைக்கழகம் 2007இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. திண்டுக்கல்லுக்கு அண்டையில், கடவூர் மலையடிவாரத்தில் அவர் உருவாக்கிய வானகம் பண்ணையும் இதே போன்ற வறண்ட நிலம்தான். அவர் வழியில் வந்தவர்கள் பொதுவாக மூடாக்குக்குச் சொல்வது இலைதழை, வைக்கோல், கரும்புச் சோகை, தென்னங்கீற்று ஆகியவை. நல்ல பொருட்கள். ஆனால் கிளைரிசிடியா, புங்கன் போன்ற பசுந்தழைகள் நம் வெப்பத்தில் ஈரம் பட்டால் சில வாரங்களில் மறைந்துவிடும். தை மாதம் போட்ட தழை சித்திரை வெயிலுக்கு மிஞ்சாது. வெயில் உச்சத்தில் இருக்கும்போது கூரை இல்லை. மாற்றாக ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தக்காளி, மிளகாய்க் காடுகளில் விரிக்கும் பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட் இருக்கிறது. சொட்டுநீரோடு சேர்ந்தால் அது ஈரத்தைக் காப்பதில் எதற்கும் குறைந்ததல்ல. ஆனால் அதன் மேல் விழும் மழை துளை வழியே மட்டும்தான் இறங்க வேண்டும். பருவம் முடிந்ததும் கிழிந்த துண்டுகள் மண்ணிலேயே தங்கிவிடும். மக்கிப்போகும் தழைக்கும் மக்கவே மக்காத பிளாஸ்டிக்குக்கும் நடுவில் நிற்பது மரம். உரமாக்க நினைப்பவருக்கு அதன் மந்தம் ஒரு குறை. கூரையாக்க நினைப்பவருக்கு அதுவே வேண்டிய குணம்.

இந்த மந்தத்துக்குக் காரணம் லிக்னின். மரத்தின் உலர் எடையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும் இந்தப் பொருள், செல்லுலோஸ் இழைகளைச் சுற்றிச் சிமெண்ட் பூச்சு போல் இறுகிக் கிடக்கிறது. பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதை உடைக்க முடியாது. சில காளான்களால்தான் முடியும். இதை நம் ஊரில் எல்லோரும் தென்னை நார்க்கழிவில் கண்டிருப்பார்கள். கயிற்றுத் தொழிற்சாலைகளின் பின்புறம் ஆண்டுக்கணக்கில் மலைபோல் குவிந்து கிடந்தும் அது மட்கவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதை உரமாக்க ஒரு வழி கண்டது. ஒரு டன் நார்க்கழிவை அடுக்கடுக்காகப் பரப்பி, இடையிடையே சிப்பிக்காளான் வித்தும் மொத்தம் 5 கிலோ யூரியாவும் தூவி, ஈரம் காய விடாமல் ஒரு மாதம் வைத்திருப்பது அந்த முறை. 112க்கு 1 என்றிருக்கும் கரிம, தழைச்சத்து விகிதம் 24க்கு 1 என்று இறங்கிவிடும். காளானையும் யூரியாவையும் தண்ணீரையும் சேர்த்துக் கொடுத்தால்தான் லிக்னின் இறங்கிவருகிறது. மூன்றையும் கொடுக்காமல், காய்ந்த காற்றில், மண்ணின் மேலே கிடக்கும் மரச்சில்லு அவசரப்படாது. ஒரு கோடையைத் தாண்டி நிற்கும். பருமனான சில்லு இரண்டாவது கோடையையும் பார்க்கும்.

அந்த விகிதத்திலிருந்துதான் முதல் மறுப்பு பிறக்கிறது: மரம் மண்ணின் தழைச்சத்தைத் தின்றுவிடும், செடி மஞ்சளாகிவிடும். இது வதந்தியல்ல. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய ஒவ்வொரு பங்கு தழைச்சத்துக்கும் சுமார் 24 பங்கு கரிமத்தை உண்ணுகின்றன. அதில் ஒரு பகுதி உடலாகிறது, மீதி மூச்சாகப் போகிறது. மரத்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 400 பங்கு கரிமம் இருக்கிறது. 10 கிலோ காய்ந்த மரத்தூளில் 5 கிலோ கரிமம் என்று வைத்துக்கொண்டால், அதை முழுவதும் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு 200 கிராமுக்குச் சற்று மேல் தழைச்சத்து தேவை. மரத்தூளிடம் இருப்பது 12, 13 கிராம்தான். மீதியை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். யூரியாவாகச் சொன்னால் சுமார் 400 கிராம். ஒரு சிறு பாத்தியில் 10 கிலோ மரத்தூளைக் கொட்டிக் கொத்திவிட்டவர், தெரியாமலேயே அந்தப் பாத்தியிலிருந்து அத்தனை யூரியாவைக் கடன் வாங்கிவிட்டார். கடன் திரும்பி வரும். நுண்ணுயிர்கள் செத்து மட்கும்போது வரும். ஆனால் அந்தப் பருவத்துக் கத்தரிக்கு அது உதவாது.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் 'கொத்திவிட்டால்' என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. மண்ணோடு கலந்த தூளின் ஒவ்வொரு துகளையும் எல்லாப் பக்கமும் ஈரமண் சூழ்ந்திருக்கிறது. மேலே பரப்பிய சில்லிலோ, அடியில் கிடக்கும் துண்டின் ஒரு முகம் மட்டும் மண்ணைத் தொடுகிறது. மேலடுக்கு காய்ந்தே கிடக்கிறது. சில்லு பருமனாக இருக்க இருக்க, எடைக்கு ஏற்ற மேற்பரப்பும் குறைகிறது. ஆகவே தழைச்சத்துப் பஞ்சம், சில்லும் மண்ணும் சந்திக்கும் மெல்லிய அடுக்கோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அதற்கும் கீழேதான் கத்தரி, வெண்டை, தக்காளியின் வேர்கள் உணவு தேடுகின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத் தோட்டக்கலை அறிஞர் லிண்டா சாக்கர்-ஸ்காட், மூடாக்கு பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் எழுதிய கட்டுரையிலும், மேலே பரப்பும் மரச்சில்லால் வளர்ந்த செடிக்குத் தழைச்சத்துப் பற்றாக்குறை வரும் என்ற அச்சத்தை ஏற்கவில்லை. இதற்கு ஒரு பக்க நன்மையும் உண்டு. பஞ்சம் நிலவும் அந்த மேலடுக்கில்தான் களை விதைகள் முளைக்கப் பார்க்கின்றன. ஆனாலும் மறுப்பை முற்றாகத் தள்ளிவிட முடியாது. காளான் இழைகள் கீழிருந்து தழைச்சத்தை மேலே மரத்துக்குக் கடத்தக்கூடியவை. மேலோட்டமாக வேர்விடும் கீரைக்கும், முளைத்து இரண்டிலை விட்ட நாற்றுக்கும் அது தெரியும். அதனால் சில்லைப் பரப்புவதற்கு முன் மண்ணின் மேல் மட்கிய சாணமோ, கைப்பிடி கடலைப் புண்ணாக்கோ தூவுவது வீண் செலவல்ல. புண்ணாக்கில் தழைச்சத்து நூற்றுக்கு 7 பங்கு அளவுக்கு உண்டு. சந்திக்கும் அடுக்கின் பசியை அது தீர்க்கும். பருவம் முடிந்ததும் பாத்தியைக் கொத்த வேண்டியிருந்தால், சில்லை ஓரமாக வாரி வைத்துவிட்டுக் கொத்தி, திரும்பப் பரப்ப வேண்டும். இந்த ஒரு ஒழுங்கு தவறினால் மேலே சொன்ன 400 கிராம் கணக்கு வந்து நிற்கும்.

இரண்டாவது மறுப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் வறண்ட ஊருக்கு அதுதான் முக்கியம். மூடாக்கு மழையையும் தடுக்கும். காய்ந்த சில்லு அடுக்கு முதல் சில மில்லிமீட்டர் மழையைத் தானே குடித்துவிட்டு, வெயில் வந்ததும் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். ஐந்து நிமிடம் பெய்து ஓயும் கோடைத் தூறல் மண்ணைத் தொடாமலேயே போகும். குளிர்நாட்டுத் தோட்டநூல்களில் இந்த எச்சரிக்கை பெரிதாக இருக்காது. அங்கே மழை பரவலாகப் பெய்கிறது. திண்டுக்கல் சமவெளிக்கு ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை கிடைக்கிறது. அதில் பாதியளவு வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதங்களில் வந்துவிடுகிறது. ஆகவே எதைப் போடுகிறோம் என்பதைப் போலவே எப்போது போடுகிறோம் என்பதும் பலனைத் தீர்மானிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஒரு முழம் ஆழம் நனைந்தபின் மார்கழியில் மூடினால் உள்ளே இருப்பது ஈரம். மாசியில் காய்ந்த மண்ணின் மேல் கொட்டினால் உள்ளே இருப்பது வறட்சி. மூடாக்கு அதையும் அதே விசுவாசத்தோடு காக்கும். தண்ணீரைச் சில்லின் மேல் தெளிப்பதும் பயனற்றது. செடியின் தூரில் சில்லை ஒதுக்கி ஊற்ற வேண்டும், அல்லது சொட்டுநீர்க் குழாயைச் சில்லுக்கு அடியில் ஓட்ட வேண்டும். இங்கே உப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தப் பகுதியின் பல போர்வெல்களின் தண்ணீர் கடினநீர். திண்டுக்கல் நகரை ஒட்டிய தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் சுற்றுவட்டத்தில் நிலத்தடி நீர் உப்பேறியதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள நீரில் நாளொன்றுக்கு 80 லிட்டர் மிச்சமானால், 100 நாளில் ஒரு சென்ட் மண்ணில் 8 கிலோ உப்பு சேராமல் நிற்கிறது. பாத்தியின் மேல் வெள்ளையாகப் பூக்கும் அந்த உப்பை நினைத்தால், தண்ணீர்ச் சேமிப்பைவிட இதுவே பெரிய லாபமாகக்கூட இருக்கலாம்.

இனி கரையான். இந்த ஊரில் மரச்சில்லு என்றதும் முதலில் வரும் சொல் இதுதான், அது சரியும்கூட. செம்மண் காட்டில் மரத்தைப் போட்டுவிட்டுக் கரையான் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வரும். வந்து என்ன செய்யும் என்பதே விஷயம். நம் சமவெளியில் புற்று கட்டும் கரையான்களில் முக்கியமானவை காளான் வளர்க்கும் இனத்தைச் சேர்ந்தவை. அவை மரத்தை நேரடியாகச் செரித்துவிடுவதில்லை. மென்று கொண்டுபோய்ப் புற்றுக்குள் அடைபோல் கட்டி, அதில் ஒருவகைக் காளானை வளர்த்து உண்கின்றன. மழை பெய்து ஈசல் பறக்கும் காலத்தில் புற்றோரம் முளைக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்தின் விளைச்சல்தான். லிக்னினை உடைக்க வேளாண் பல்கலைக்கழகம் காளானைத் தேடிப்போனதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே கரையான் அதைத் தேடிப்போய்விட்டது. இவற்றின் முதல் விருப்பம் செத்த, காய்ந்த பொருள். நிலக்கடலையும் மிளகாயும் கரையானால் சேதமாவது பெரும்பாலும் செடி முற்றிக் காயும்போதும், வறட்சியில் வாடும்போதும்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோவில், பொருக்குத் தட்டி ஒன்றும் முளைக்காமல் கிடந்த நிலத்தில் 1990களில் அப்துலாயே மாண்டோ என்ற மண்ணியல் ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். காய்ந்த புல்லும் மரக்கிளையும் சேர்ந்த மூடாக்கைப் பரப்பி, சில பாத்திகளில் கரையானை மருந்து வைத்துத் தடுத்தார், சிலவற்றில் வரவிட்டார். கரையான் வந்த பாத்திகளில் அவை குடைந்த வழிகளில் மழைநீர் இறங்கியது, பொருக்கு உடைந்தது, செடிகள் முளைத்தன. கரையான் இல்லாத பாத்திகளில் வெறும் மூடாக்கால் அந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. அந்த நாட்டு உழவர்கள் குழிக்குள் எருவைப் போட்டுக் கரையானை வேண்டுமென்றே வரவழைக்கும் முறையும் வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு வாசற்படி ஓரம் சில்லைக் கொட்டிவிடக் கூடாது. கரையானுக்கு மரச்சில்லுக்கும் தேக்கு நிலைக்கும் வித்தியாசம் தெரியாது. வீட்டுச் சுவரிலிருந்து மூன்றடியாவது விட்டுத்தான் மூடாக்கு தொடங்க வேண்டும். செடியின் தண்டைச் சுற்றியும் ஒரு சாண் வெறும் மண் இருக்கட்டும். தண்டோடு ஒட்டிய ஈரம் தூர் அழுகலுக்கும் வழி. சில்லு தீர்ந்தபின் அடுத்த சுற்று போடாமல், தண்ணீரும் விடாமல் பாத்தியைக் கைவிடுவதுதான் உண்மையில் ஆபத்தான செயல். பசித்த கரையானுக்கு வாடிய செடி மட்டும் மிச்சமிருக்கும்.

தென்னந்தோப்புக்காரர்களுக்குக் காண்டாமிருக வண்டு பற்றிய கவலை இருக்கும். அதன் புழு மட்கிய சாணத்திலும், அழுகிய தென்னந்தூரிலும், மரத்தூள் குவியலிலும் வளர்வது தெரிந்ததே. அது குவியலை விரும்பும் பூச்சி. 6, 7 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பரவிக் காய்ந்து நனையும் அடுக்கு அதற்கு வசதியான இடமல்ல. ஆனால் லோடாக இறக்கி மூலையில் மாதக்கணக்கில் விட்டுவைத்த சில்லுமேடு நல்ல வசதி. இறக்கியதும் பரப்பிவிட வேண்டும். பாம்பு, தேள், பூரான் பற்றிய பயத்துக்கும் பதில் ஏறக்குறைய அதுவே. சுருட்டை விரியன் இருக்கும் வறண்ட நிலத்தில் குவியலுக்குள் வெறுங்கையை விடாமல் வாரியால் கிளறுவது மூடாக்கு இல்லாத தோட்டத்துக்கும் பொருந்தும் எச்சரிக்கை.

சில்லு எங்கே கிடைக்கும்? ஒரு சென்ட்டில் வழிகள் போக 30 சதுர மீட்டர் பாத்தி, 7 சென்டிமீட்டர் தடிமன் என்றால் 2 கன மீட்டருக்குச் சற்று மேல். மணல் அளக்கும் யூனிட்டில் முக்கால் யூனிட். தெருவோரம் மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் கம்பிக்கு இடைஞ்சலான கிளைகளை வெட்டிப் போடுகிறது. முருங்கைக் காடுகளில் கவாத்து செய்த கிளைகள் வரப்போரம் கிடக்கின்றன. பெரும்பகுதி எரிந்து போகிறது. கட்டைவிரல் பருமனுக்குட்பட்ட கிளைகளை வெட்டரிவாளால் விரல்நீளத் துண்டுகளாகப் போடுவது உழைப்புதான், ஆனால் இயந்திரம் இல்லாமல் முடியும் வேலை. சிறுகிளைகளே மேல் என்பதற்கு அறிவியல் காரணமும் உண்டு. பட்டையும் மொட்டும் அதிகமுள்ள இளங்கிளையில் அடிமரத்தைவிடச் சத்து அதிகம். கனடாவின் கியூபெக்கில் லாவால் பல்கலைக்கழகத்தின் ஜீல் லெமியூவும் அவரோடு சேர்ந்தவர்களும் 7 சென்டிமீட்டருக்குக் குறைந்த கிளைகளின் சில்லை மட்டுமே நிலத்துக்குப் பரிந்துரைத்தார்கள். அவர்கள் அதை மேல்மண்ணில் லேசாகக் கலக்கவும் சொன்னார்கள். முதல் ஆண்டில் தழைச்சத்துத் தட்டுப்பாடு வருவதையும் ஒப்புக்கொண்டார்கள். காய்கறிக்கு அந்தக் கலப்பை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. முருங்கை மென்மையானது, சீக்கிரம் மட்கும்; வேம்பும் புளியும் நின்று பிடிக்கும். தைல மரத்தின் பச்சை இலைக்கும் சீமைக்கருவேல இலைக்கும் விதை முளைப்பைத் தடுக்கும் குணம் உண்டு, ஆகவே அவற்றைச் சில மாதம் மழையில் ஊறப்போட்டு, விதை ஊன்றும் பாத்தியைத் தவிர்த்துப் போடலாம். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்ன சீமைக்கருவேலம் எங்கும் கொட்டிக் கிடக்கிறதே என்று ஆசைப்படுவோர், அதன் முள் சில்லோடு சேர்ந்து தோட்டத்துக்குள் வந்து வெறுங்காலில் ஏறும் என்பதையும், நெற்றோடு சேர்த்து நறுக்கினால் மறு ஆண்டு அதையே களையெடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் யோசிக்கட்டும். மரவாடித் தூளை மூடாக்காக்குவதும் சரிவராது. அது நனைந்து காய்ந்ததும் பாளமாக இறுகித் தண்ணீரை வழித்துவிடும். தச்சுப் பட்டறையின் இழைப்புச் சுருள் பரவாயில்லை. ஆனால் இப்போதைய பட்டறைகளில் ப்ளைவுட்டும் பெயிண்ட் அடித்த பழைய மரமும் கலந்துதான் வரும். பசையும் பெயிண்டும் உண்ணும் கீரைக்கு அருகில் வேண்டாம்.

விறகாகக்கூடிய கிளையை மண்ணில் போடுவது ஏழை வீட்டுக்குக் கட்டுபடியாகுமா என்பது அறிவியலுக்கு வெளியே நிற்கும் மறுப்பு; ஆனால் 1947இல் சௌந்தரம் அம்மையாரும் ஜி.ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியதே இப்படிப்பட்ட கேள்விகளுக்காகத்தான். அருகே மதுரை மாவட்டத்து டி.கல்லுப்பட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்த காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி.குமரப்பா, எடுக்க எடுக்கத் தீரும் இருப்புகளையும் மீண்டும் மீண்டும் வளரும் வளங்களையும் பிரித்துப் பார்த்தவர். கிளை இரண்டாம் வகை. ஆனால் அது வளர்ந்த மண் தீரக்கூடியது. சமையலுக்கு இன்னும் விறகை நம்பியிருக்கும் வீட்டில் பருத்த கிளை அடுப்புக்கே போகட்டும். எரிக்கவும் ஆகாமல் தெருவில் புகையாகும் சுள்ளியும் நுனிக்கிளையும்தான் மூடாக்குக்கு உகந்தவை என்பதால், இங்கே அடுப்புக்கும் தோட்டத்துக்கும் பெரிய சண்டை வராது.

இத்தனைக்கும் பிறகு சில பாத்திகளை மூடாமல் விடத்தான் வேண்டும். தண்டுக்கீரை, அரைக்கீரை விதைகள் கடுகளவுகூட இல்லாதவை. 7 சென்டிமீட்டர் சில்லைத் துளைத்துக்கொண்டு அவற்றால் வர முடியாது. கீரைப் பாத்தியில் அறுவடைக்குப் பிறகு மட்டுமே மெல்லியதாகத் தூவலாம். அடிக்கடி கிண்டவேண்டிய முள்ளங்கி, வெங்காயத்துக்கும் சில்லு தொந்தரவு. நாற்று நடும் கத்தரி, தக்காளி, மிளகாய், குழியில் ஊன்றும் வெண்டை, அவரை, பூசணி, புடலை ஆகியவையே இதற்கு ஏற்றவை. களையிலும் எல்லாவற்றையும் சில்லு அடக்கிவிடாது. பார்த்தீனியம் போன்று சின்ன விதையிலிருந்து வருவன பெரும்பாலும் அடங்கும். கோரையின் கிழங்கு மட்டும் ஒரு அடி ஆழத்திலிருந்துகூட ஊசிபோல் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். அருகு ஓரத்திலிருந்து ஊர்ந்து சில்லுக்கு அடியில் குளிர்ச்சியாகப் படரும். ஈரமும் மென்மையும் கூடிய மண்ணில் அவற்றைக் கிழங்கோடும் வேரோடும் பிடுங்குவது சற்று எளிதாகிறது, அவ்வளவுதான், குனியாமல் முடியாது.